செட்டிநாட்டு வீடு என்ன சொல்கிறது?

வாசலில் கோலம் இல்லையென்றால், தெருவோடு போகிற கீரைக்காரி அந்த வீட்டின் முன் குரல் கொடுக்கச் சற்றுத் தயங்குவாள். உள்ளே ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிடும். யாரும் வந்து அவளிடம் சொல்லவில்லை. வாசலில் பலகை எதுவும் தொங்கவில்லை. இருந்தாலும் அவள் படித்துவிட்டாள். போட்ட கோலத்தைப் படிப்பதில் என்ன அதிசயம்? போடாத கோலத்தையும் படிக்கிறாளே, அதுதான் அதிசயம்!

இந்த வித்தைக்குச் சர்வகலாசாலைகளில் 'குறியியல்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஒன்றைக் காட்டி வேறொன்றை உணர்த்துவது எதுவோ அது குறி. அது எப்படி உணர்த்துகிறது என்று ஆராய்வது குறியியல். அவ்வளவுதான் சமாசாரம்.

ஜெனீவா நகரில் ஃபெர்டினாண்ட் டி சொஸ்யூர் என்ற மொழிப் பேராசிரியர் இருந்தார். 1913-ல் அவர் காலமானார். வகுப்பில் அவர் சொன்னவற்றை, மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு தொகுத்து 1916-ல் வெளியிட்டார்கள். அதில்தான் இந்தச் சாஸ்திரத்துக்கு விதை விழுந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் பர்ஸ் என்பவரும் தனியாக யோசித்துக் குறிகளை மூன்று வகையாகப் பிரித்தார்.

அவருடைய மூன்று வகையையும் நம் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம். கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தாவின் போட்டோ முதல் வகை. முகஜாடை ஒத்திருப்பதால் அது அவரைக் குறிக்கிறது. அடுக்களையிலிருந்து வரும் தீய்ந்த வாசனை இரண்டாவது வகை. பால் பொங்கி வழிந்ததன் விளைவு அது. நிலைப்படியில் கட்டிய மாவிலைத் தோரணம் மூன்றாவது வகை. மாவிலைக்கும் மங்களத்துக்கும் முகஜாடையும் கிடையாது, காரண காரியமும் கிடையாது. நாலு பேர் கூடி, "இதற்கு இது அர்த்தம்" என்று வைத்துக்கொண்ட வழக்கம்.

இந்த மூன்றாவது வகையில்தான் எல்லா வம்பும் இருக்கிறது. ஐரோப்பாவில் மணப்பெண் வெள்ளை உடுத்திச் சர்ச்சுக்குப் போகிறாள். நம் பாட்டிமார் காலத்தில் பல குடும்பங்களில் வெள்ளைப் புடவை என்றால் கணவனை இழந்தவள். துணி ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். அர்த்தம் துணியில் இல்லை. பார்க்கிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. மனிதர்கள் கூடி வைத்த அர்த்தம் என்றால், மனிதர்கள் கூடி அதை மாற்றவும் செய்யலாம். இன்று கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் கலர்ப் புடவையும் நெற்றிப் பொட்டுமாக ஆபீஸுக்குப் போய் வருகிறார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். சங்க காலத்து அகப்பாட்டில் நிலமும் பூவும் பறவையும் சும்மா வருவதில்லை. முல்லை வந்தால் காத்திருக்கிறாள் என்று பொருள். நெய்தல் வந்தால் இரங்குகிறாள் என்று பொருள். பாலை வந்தால் தலைவன் பிரிகிறான், பெரும்பாலும் பொருள் தேடி. சொல்லாமல் சொல்லும் இந்த முறைக்கு உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்துத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. இந்தப் பாலையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

இரண்டு வினாடி வீடு

டெலிவிஷனில் ஒரு விளம்பரம். வழவழவென்ற பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் வெயில் விழும் முற்றம். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையில் பூக்கள் விரிந்திருக்கின்றன. நிலைக்கு மேலே கஜலட்சுமி. பட்டுப் புடவை சரசரக்க ஒரு பெண் குத்துவிளக்குடன் வருகிறாள். இரண்டு வினாடிதான்.

அது நகைக் கடை விளம்பரமாக இருக்கலாம். பட்டுச் சேலையாக இருக்கலாம். மிளகாய்ப் பொடியாகவும் இருக்கலாம். எதுவானால் என்ன? பொருளின் பெயர் வருவதற்கு முன்பே வீடு பேசி முடித்துவிட்டது. பழம்பெருமை, பணம், கலையாத குடும்பம், நம்பகம் என்று நாலு சங்கதிகளை அது நம் காதில் போட்டுவிட்டது. இவற்றை வாயால் சொல்லியிருந்தால், "ஆமாம், இவர்கள் சொல்லிவிட்டால் ஆயிற்றா?" என்று கேட்டிருப்போம். வீடு சொன்னதால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஃபிரான்ஸ் தேசத்தில் ரோலான் பார்த் என்ற அறிஞர், பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் நடக்கும் இந்த வேலையைப் பற்றி வேடிக்கையாகவும் கூர்மையாகவும் எழுதிய கட்டுரைகள் 1957-ல் 'மித்தாலஜி' என்ற புத்தகமாக வந்தன. 1964-ல் அவர் பன்ஸானி என்ற கம்பெனியின் மாக்கரோனி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். சந்தைப் பை ஒன்று திறந்து கிடக்கிறது. மாக்கரோனிப் பொட்டலங்களோடு தக்காளியும் குடமிளகாயும் சிந்திக் கிடக்கின்றன. மஞ்சள், பச்சை, சிவப்பு வண்ணங்கள் இத்தாலியை ஞாபகப்படுத்துகின்றன. படம் சொல்வது இத்தாலி என்ற தேசத்தை அல்ல, 'இத்தாலித்தனம்' என்ற ஒரு பாவனையை என்றார் பார்த். அந்தப் பாவனை ஃபிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் புரியும். இத்தாலியர்களுக்கு அதில் என்ன விசேஷம்? தக்காளி அவர்கள் வீட்டில் தினமும் இருப்பதுதானே!

நம் ஊர் ஹோட்டல் பலகைகளில் இருப்பதும் இதே கதைதான். 'செட்டிநாடு' என்று சிவப்பு எழுத்தில் போட்டால் நாக்கை எரிக்கும் கோழிக் குழம்பு என்று அர்த்தமாகிவிட்டது. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றில் விசேஷத்துக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி என்று இலையில் வருவதில் பாதிக்கு உறைப்பே கிடையாது. பலகையில் இருப்பது அந்த ஊர்ச் சமையல் அல்ல. வெளியூர்க்காரர்களுக்காகச் செய்து வைத்த 'செட்டிநாட்டுத்தனம்'. அந்தப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை எதற்குச் சொல்லலாம், எதற்குச் சொல்லக்கூடாது என்று அதற்குச் சட்டப்படி வரம்பு இருக்கிறது. குழம்புக்கு அப்படி வரம்பு ஏது?

படத்தில் விட்டுப்போனவர்கள்

குழம்பு விஷயத்தில் போனது நாக்கு மட்டும்தான். வீட்டு விஷயத்தில் போனது அதைவிடப் பெரிது.

காரைக்குடிக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. காரைக்குடிக்காரரான ஏ. வி. மெய்யப்பன், யுத்த காலத்தை ஒட்டித் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டிருந்தார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். பிறகு ஸ்டூடியோ சென்னைக்குப் போயிற்று. வீடுகள் மட்டும் அங்கேயே இருந்து, கேமராக்களைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டன. எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! தூண் வரிசையைக் காட்டினால் அடுத்து ஊஞ்சல். ஊஞ்சலைக் காட்டினால் அதில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு பெரியவர். அவர் அதட்டினால் வீடே நடுங்கும். பெண்கள் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பெரிய வீடு என்றால் பெரிய மனிதர் என்பது சினிமாவின் இலக்கணம்.

அந்தப் பெரிய மனிதர் உண்மையில் எங்கே இருந்தார்? ரங்கூனில், பினாங்கில், கொழும்பில், சைகோனில்! இங்கேதான் பாலை வருகிறது. மழை குறைந்த சீமை. பொருள் தேடிப் பிரிவது அங்கே பாட்டில் வரும் துறை அல்ல, வாழ்க்கை முறை. கடைக்கு ஏஜெண்டாகக் கப்பல் ஏறினால் சாதாரணமாக மூன்று வருஷக் கணக்கு. மனைவிமார் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினார்கள். சுவருக்கு முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசும்போது பக்கத்தில் நின்று பார்த்தது யார்? வட்டிக் கணக்கு, நெல் கணக்கு, கல்யாணம், காதுகுத்து என்று ஊர்க் காரியம் பார்த்தது யார்? ஆச்சிமார்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நகரத்தார் வீட்டில் கல்யாணமாகிச் சிறிது காலம் சென்றதும் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. வீட்டை விட்டு அனுப்புவதாக அர்த்தமில்லை. கூரை ஒன்றுதான், வளவைச் சுற்றி அவர்களுக்கென்று ஓர் அறை. ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். நேற்று வந்த மருமகள் அதற்குள் குடித்தனம் நடத்திக் காட்டவேண்டும். விளம்பரம் காட்டும் ஒரே பந்தி, ஒரே அதட்டல் கூட்டுக் குடும்பம் எங்கே, ஒரே கூரையின் கீழ்ப் பல பெண்கள் தனித்தனியாகக் கணக்கெழுதிய இந்த வீடு எங்கே!

ஓர் ஆயாவும் பேத்தியும் அந்த விளம்பரத்தைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆயா, நம்ம வளவு மாதிரியே இருக்கே!"

"வளவு நம்ம வளவு மாதிரிதான் இருக்கு, ஆத்தா. ஆளுதான் நம்ம ஆளு மாதிரி இல்லை. எங்க அப்பச்சி பினாங்கிலே இருந்தாக. மூணு வருஷத்துக்கு ஒருக்கத்தான் வருவாக. கொத்தனுக்குக் கூலி குடுத்ததெல்லாம் எங்க ஆத்தாதான். ஊஞ்சல்லே உட்கார அவுகளுக்கு நேரம் ஏது?"

ஆயா குறியியல் படித்தவள் அல்ல. ஆனால் படத்தில் இருப்பதைப் பார்த்ததோடு நிற்காமல், படத்தில் இல்லாதவளையும் கேட்டாளே! வாசலில் இல்லாத கோலத்தைக் கீரைக்காரி படித்தது போலத்தான் இதுவும். நியாயமாகச் சொன்னால், எல்லாப் படமும் ஒன்றுபோல் இல்லை. 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில், ஒரு தாயும் மூன்று பெண்களும் அந்த மாதிரி வீட்டை இழந்து சென்னைக்கு வருகிறார்கள். வீட்டைச் சுமந்தவர்கள் யார், சொத்து யாருக்குப் போயிற்று என்ற கேள்வி அதில் இருந்தது.

பாத்திரத்தில் ஒரு பெயர்

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. 1948-ல் பர்மாவில் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. வெளிநாட்டு வரும்படி வற்றியது, பங்காளிகள் பெருகினார்கள், பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டன. தூணும் கதவும் தனித்தனியாக விலை போயின. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின என்பது ஓர் ஆறுதல். ஆனால் போன கதவு போனதுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. கஜலட்சுமி செதுக்கிய நிலை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, வெண்கலப் பானை எல்லாம் அங்கே கிடைக்கும். வீட்டில் இருந்தபோது அந்த நிலை, "உள்ளே வா, நல்லதே வரட்டும்" என்றது. நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பு அறைச் சுவரில் சாய்த்து வைத்தால் அதே நிலை, "இந்த ஹோட்டல் உயர்ந்தது" என்கிறது. மரம் மாறவில்லை, சொல்கிற ஆளும் கேட்கிற ஆளும் மாறிவிட்டார்கள்.

நம் வீடுகளிலும் தினமும் இந்த வேலை நடக்கிறது. கல்யாணத்தில் சாமான் பரப்பும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பிய பாத்திரங்களில் பல அடுப்பையே பார்த்திருக்காது. அவை சமைப்பதற்கு அல்ல. பெண் வீட்டின் அந்தஸ்தைச் சொல்வதற்கு. அந்தக் குறியை வாங்கப் பெண்ணைப் பெற்றவர்கள் கடன்பட்ட கதை செட்டிநாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இன்றைக்கு நகைக் கடை விளம்பரம் கூச்சமில்லாமல் அதையே பாசம் என்று பெயர் மாற்றிச் சொல்கிறது.

ஆகவே அடுத்த தடவை தூணும் முற்றமும் டெலிவிஷனில் வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதை யார் சொல்கிறார்கள்? யாருக்குச் சொல்கிறார்கள்? யாரை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்? குழந்தைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். பரீட்சைக்கு உதவாவிட்டாலும், கடைத்தெருவில் பணத்தை மிச்சம் பிடிக்க நிச்சயம் உதவும்.

காரைக்குடிக் கடைகளுக்குப் போனால், வெண்கலப் பானை எதையாவது எடுத்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் பெயரெழுத்துகள் வெட்டியிருக்கும். விலை சொல்பவர் பானையின் எடையையும் வயதையும் சொல்வார். அந்த எழுத்துகள் யாருடையவை, அந்தப் பானையில் எந்த விசேஷத்துக்குப் பொங்கினார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படிப்பட்ட பாத்திரம் ஒன்று இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அம்மாவிடமோ மாமியாரிடமோ அந்த எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.