வயரிங்கை மாற்றும் முன் கனெக்டரைப் பாருங்கள்



நம் பழைய மாணவர் ஒருவர், அப்பா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் படங்களை அனுப்பியிருந்தார். இரவில் முகப்பு விளக்கு மங்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது. பார்த்த எலக்ட்ரீஷியன், "வயரிங் பூரா மாத்தணும், இல்லேன்னா வித்துடுங்க" என்றாராம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் மணி அடித்ததும் விட்டவன் இல்லை நான்!

ஹெரால்டு நமக்கு அந்நியமான வண்டி அல்ல. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம்தான் தயாரானது. அதன் முன்பகுதி முழுவதும் முதலை வாய் போலத் திறக்கும். விளக்குகள் அந்த வாயிலேயே இருப்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வயர்கள் வளைகின்றன. அங்கேதான் புல்லட் கனெக்டர்கள் இருக்கின்றன: வயர் முனையில் ஒரு பித்தளைக் குண்டு, அது போய் உட்கார ஒரு ரப்பர் ஸ்லீவ். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கேளம்பாக்கம் உப்பளம் என்று இருக்கும் நம் ஊரில் ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை. இந்தச் சின்னக் குண்டு என்ன செய்யும்? களிம்பு ஏறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 60 வாட் பல்பு, 12 வோல்ட் என்றால் 5 ஆம்பியர். இணைப்பில் அரை ஓம் மின்தடை சேர்ந்தாலே சுமார் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்கு 10 வோல்ட் கிடைத்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்பீர்கள். இல்லை, ஏறக்குறைய பாதியாகிவிடும். இழந்த மின்சாரம் அந்தக் குண்டிலேயே சுமார் 8 வாட் வெப்பமாகிறது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான். முகப்பு விளக்குக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. ரப்பர் உருகி வயர் பாடியைத் தொட்டால் புகை வந்த பிறகுதான் தெரியும். ஈ.சி.ஆரில் இரவு நேரத்தில் விளக்கு அணைவது அதைவிட மோசம்.

"மீட்டர் வைத்தேன், பீப் வருது சார்" என்கிறார்கள். 14 இழை உள்ள வயரில் ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் வரும். விளக்கைப் போட்டுவிட்டு, கனெக்டரின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து வோல்ட் அளவு பாருங்கள். 0.2க்கு மேல் காட்டினால் குற்றவாளி அங்கேதான். எர்த் இணைப்பையும் இப்படியே பாருங்கள். பாதி வழக்குகள் அதோடு தீர்ந்துவிடும்.

சரிசெய்வது பொறுமையான வேலை, பெரிய வித்தை அல்ல. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். படம் எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கனெக்டரை மட்டும் பிரியுங்கள். வெறும் களிம்பு என்றால் மெல்லிய உப்புத்தாள் போதும். (செம்புப் பாத்திரம் என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அமிலம் இழைக்குள் தங்கி அரிக்கும்.) உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும்வரை வெட்டி, புதுக் குண்டு வைத்து, அதற்கான கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது ஆகாது. ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும்; அசையும் இடத்தில் அங்கேயே ஒடியும். பிறகு துளி வாசலின், புது ஸ்லீவ். முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் பசை இளகி, உப்பையும் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

முழு வயரிங்கை மாற்றுவதில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பழைய வயரின் நிறங்களுக்கு அர்த்தம் உண்டு: பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். கையில் கிடைத்த சிவப்பு வயரையே எல்லாவற்றுக்கும் ஓட்டிவிட்டால், அடுத்து வருபவர் எதை நம்பித் தேடுவார்? உறை வெடித்து உதிர்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. தம்பி அனுப்பிய படத்தில் உறை நன்றாகவே இருக்கிறது.

குண்டும் ஸ்லீவும் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் கேட்டுப் பாருங்கள். தம்பி, ஞாயிறன்று பகலில் வண்டியைக் கொண்டு வாருங்கள். மீட்டர் என்னிடம் இருக்கிறது.