காற்றும் சுவரும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் அடி அண்ணாமலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 14 கிலோமீட்டர் நடையில் ஏறக்குறையப் பாதி ஆயிற்று என்று கால்கள் ஆறுதல் கொள்ளும் இடம் அது. ஆதி அருணாசலேசுவரரைத் தரிசித்துவிட்டு மேலே நடந்தால் வாயு லிங்கம் வரும். எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள் வைத்த பெரியவர்கள், வடமேற்குத் திசையைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கமாகவே வெகு தூரம் போனால் ராஜஸ்தானத்துப் பாலைவனம். அங்கே காற்று செய்த கொடுமை ஒன்றையும், இங்கே அண்ணாமலையின் அடிவாரத்தில் நடந்த துயரம் ஒன்றையும் சேர்த்து வைத்து இந்த வாரம் சொல்கிறேன். பாலைவனத்துக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2018-ஆம் வருஷம் மே மாதம் 2-ஆம் தேதி. பகலெல்லாம் வெயில் கொளுத்திய நாள். பாலைவனத்தைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் ஆல்வார், பரத்பூர், தோல்பூர் ஜில்லாக்களிலும், அதை அடுத்த உத்தரப் பிரதேசத்து ஆக்ராப் பகுதியிலும் அன்று இரவு புழுதிப் புயல் அடித்தது. 'ஆந்தி' என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். வருஷா வருஷம் கோடையில் வருவதுதான். துணிமணிகளை எடுத்து உள்ளே போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அன்று வந்தது அப்படிப் போகவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய காற்று மரங்களையும் மின்சாரக் கம்பங்களையும் சாய்த்தது. வடநாட்டில் அந்த ஒரு நாளில் மாண்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அதே மாதம் 13-ஆம் தேதி மறுபடியும் அடித்து, இன்னும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இவ்வளவு பேர் எப்படி இறந்தார்கள்? மணல் மூடியா? மூச்சுத் திணறியா? இல்லை. பெரும்பாலானவர்கள் மேல் வீட்டுச் சுவர் விழுந்தது, கூரை விழுந்தது, மரம் விழுந்தது. தூக்கத்திலேயே போனவர்கள் பல பேர். தங்களைக் காப்பாற்றும் என்று நம்பிப் படுத்த சுவரே அவர்களுக்கு யமனாக வந்தது.

காற்றுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்பதைச் சமையலறையில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். மண் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானைக்கு வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான். ஆகாயத்திலும் இதே காரியம் நடக்கிறது. கொதிக்கும் தரையின் மேலே, எங்கிருந்தோ வந்த ஈரக் காற்று எழும்பி இடிமேகமாகத் திரளுகிறது. அதிலிருந்து விழும் மழையில் பெரும் பகுதி, தரையைத் தொடுவதற்கு முன்பே வறண்ட காற்றில் ஆவியாகிவிடுகிறது. அதனால் அங்குள்ள காற்று சட்டென்று குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது மொத்தமாகக் கீழே இறங்கித் தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. குடத்துத் தண்ணீரை முற்றத்தில் ஒரே வீச்சில் கொட்டினால் எப்படிச் சிதறி ஓடும்? அப்படித்தான். தரை ஈரமாக இருந்தால் நமக்கு வெறும் காற்றாக வந்து சேரும். புழுதிக் காடாக இருந்தால் சுவர் போல எழுந்து வரும்.

புயல், சூறாவளி, சூறைக்காற்று என்று நாம் எல்லாவற்றையும் கலந்து பேசுகிறோம். கடலில் பிறந்து வரும் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். பல நாள் உயிரோடு இருக்கும். தும்பிக்கையைத் தொங்கவிட்டாற்போல் மேகத்திலிருந்து தரைக்கு இறங்கிச் சுழலும் காற்று இருக்கிறதே, அது வேறு ஜாதி. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். ஆயுள் பெரும்பாலும் சில நிமிஷங்கள். ஈரம் குறைந்த பாலைவனத்தில் அது அபூர்வம். நம் தேசத்தில் அறவே இல்லாததும் அல்ல. 1978 மார்ச் 17-ஆம் தேதி வடக்குத் தில்லியில் அப்படி ஒன்று இறங்கி 28 பேரைக் கொன்றது. வங்காள தேசத்தில் 1989 ஏப்ரல் 26-ஆம் தேதி தௌலத்பூர், சட்டூரியா என்ற ஊர்களை அழித்த சுழற்காற்றில் ஏறக்குறைய 1,300 பேர் மாண்டார்கள். உலகத்தில் இதுவரை பதிவானவற்றில் அதிக உயிர்களைக் குடித்தது அதுதான் என்று உலக வானிலை நிறுவனம் சொல்கிறது.

கடற்புயலுக்கு முன்னறிவிப்பு உண்டு. ஒடிசாவை 1999-ல் தாக்கிய பெரும் புயலில் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் புயல் அதே மாகாணத்துக்கு வந்தபோது, முன்கூட்டியே லட்சக்கணக்கான ஜனங்களைக் கட்டடங்களுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். உயிர்ச் சேதம் சில பத்துகளோடு நின்றது. அறிவிப்பும், போய் ஒண்டுவதற்கு உறுதியான இடமும் இருந்தால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான். ஆந்திக்கும் சுழற்காற்றுக்கும் அவ்வளவு அவகாசம் கிடையாது. 'இந்த ஜில்லாவில் பலத்த காற்று வீசக்கூடும்' என்று முதல் நாளே சொல்லலாம். எந்தக் கிராமத்தில், எத்தனை மணிக்கு என்பது ரேடாரில் தெரிவதற்கும் காற்று வந்து கதவைத் தட்டுவதற்கும் இடையே ஓரிரண்டு மணி நேரம் இருந்தால் பாக்கியம். அந்த நேரத்தில் புதுச் சுவர் எழுப்ப முடியாது அல்லவா?

இப்போது நம் திருவண்ணாமலைக்கு வருவோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. அந்தப் பெயரைக் கொடுத்தது சவூதி அரேபியா என்ற பாலைவன தேசம்! கரை ஏறிய புயல் நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றுகொண்டு மழையைக் கொட்டியது. விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். புயலுக்கு எச்சரிக்கை எல்லோருக்கும் கிடைத்திருந்தது. கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கும் திருவண்ணாமலைக்கு மழை என்று தெரியும். மலையே பெயர்ந்து வரும் என்று யார் நினைத்தார்கள்?

டிசம்பர் 1-ஆம் தேதி மாலை, மழையில் ஊறிப்போன மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டன. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மழைக்கு வெளியே போகாமல் வீட்டுக்குள் இருங்கள் என்றுதானே நாமும் குழந்தைகளுக்குச் சொல்லுவோம்?

சில நாள் கழித்து, டிசம்பர் 13-ஆம் தேதி, கார்த்திகை தீபம். புவியியல் நிபுணர்கள் மலையைப் பரிசோதித்த பிறகு, பக்தர்கள் மலை ஏறுவதை அந்த வருஷம் அரசாங்கம் அனுமதிக்கவில்லை. தீபம் மட்டும் வழக்கம்போல் உச்சியில் எரிந்தது. ஜனங்கள் கீழே நின்று கும்பிட்டார்கள்.

பரத்பூரில் காற்று, திருவண்ணாமலையில் மழை. இரண்டு இடத்திலும் உயிரை வாங்கியது வானமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வானம் செய்தது பாதி. தலைக்கு மேல் இருந்த கூரையும், வீடு நின்ற இடமும் செய்தது மீதி. மண் சாந்துச் சுவரையும் மலைச் சரிவையும் யாரும் ஆசைப்பட்டுத் தேடிப் போவதில்லை. ஊருக்குள் இருக்கும் சமதரையின் விலை அவர்களை அங்கே தள்ளுகிறது. அவர்களுக்குப் பத்திரமான இடம் கொடுப்பது சர்க்காரின் காரியம். அதைக் கேட்க வேண்டியது நம் காரியம்.

அதுவரையில் வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வெயில் அடிக்கும் நாளிலேயே வீட்டை ஒரு தரம் சுற்றி வாருங்கள். வெடிப்பு விட்ட மதில், மொட்டை மாடியில் கட்டாமல் கிடக்கும் தகரம், ஜன்னலோரம் சாய்ந்து நிற்கும் பட்ட மரம் இவற்றைப் பார்த்து வையுங்கள். காற்று எழும்பினால் குழந்தைகளை மதிலோரத்திலிருந்தும் மரத்தடியிலிருந்தும் அழைத்து, வெளிச் சுவரையும் கண்ணாடி ஜன்னலையும் விட்டுத் தள்ளி, கெட்டியான தளம் போட்ட நடு அறையில் உட்கார வையுங்கள். மலைச் சரிவில் வசிக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால், தொடர்மழை நாளில் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினாலும், தரையில் புது வெடிப்பு கண்டாலும், மேலே கல் உருளும் சத்தம் கேட்டாலும், சாமான்களைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் வந்து உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறாளே, அந்த அம்மாள் ராத்திரி எந்தக் கூரையின் கீழ் படுக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? தகரமா, ஓடா? பக்கத்துச் சுவர் யாருடையது? அவளுக்கு எத்தனை குழந்தைகள்? அடுத்த முறை ரேடியோவிலோ டெலிபோனிலோ புயல் எச்சரிக்கை வரும்போது, நாளைக்கு வேலைக்கு வருவாளா மாட்டாளா என்ற கவலை நமக்கு முதலில் வரும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "இன்றைக்கு ராத்திரி குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இங்கேயே வந்து படுத்துக்கொள்ளம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கூடத்தில் இரண்டு பாய் விரிக்க இடம் இல்லாமலா போய்விடும்?