கல்லாப்பெட்டி என்னும் கடைசி வங்கி

கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சில்லறை கேட்பதுதான் நாம் அறிந்த பழைய வழக்கம். இப்போது வாடிக்கையாளர் கடைக்காரரிடம் பணம் கேட்கிறார். "ஐந்நூறு ரூபா போன்ல போட்டு விடுறேன், கையில குடுங்கண்ணே" என்ற வேண்டுகோளைப் புதுக்கோட்டை மாவட்டத்து மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளிலும் நாம் அடிக்கடி கேட்கிறோம். தொடக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் இசைவே கிடைத்துவந்தது. இப்போது "கல்லாவுல காசே இல்லைங்க" என்ற விடையே மிகுதி. சில இடங்களில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளில் கேட்டாலோ, கணினிக்கு முன் அமர்ந்திருக்கும் பிள்ளை நம்மை வியப்போடு பார்க்கிறது. மறுக்கப்படும் அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதுவதில்லை. அது எழுதத் தக்க பொருள் என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் ஒரு செய்தியை நினைவுபடுத்த வேண்டும். கடையில் பணம் பெறுவது கடைக்காரரின் கருணையால் மட்டும் நடப்பதன்று. அதற்கு முறையான ஏற்பாடு உண்டு. 2009 ஜூலையில், வங்கிப் பற்று அட்டையைக் கடையின் ஸ்வைப் கருவியில் தேய்த்து நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை பணமாகப் பெற்றுக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பொருள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2015இல் சிறு நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அந்த வரம்பு இரண்டாயிரமாக உயர்த்தப்பட்டது. கட்டணம் வாங்கினால் ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, இவ்வசதி உண்டென்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பவை விதிகள். 2016 நவம்பர் 8ஆம் நாள் அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கத்தை ஒட்டி, பெட்ரோல் நிலையங்களிலும் பிக் பஜார் போன்ற அங்காடிகளிலும் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தபோதுதான் நாட்டின் பெரும்பகுதிக்கு இப்படியொன்று இருப்பதே தெரியவந்தது. நெருக்கடி தணிந்ததும் அது மறக்கப்பட்டது. விதி இன்றும் ஏட்டில் இருக்கிறது. அறிவிப்புப் பலகையைத்தான் எந்தக் கடையிலும் காணோம்.

ஏன் இப்படி ஆயிற்று? கடைக்காரரைக் குறைசொல்வது எளிது, ஆனால் அது நியாயமன்று. அவர் கல்லாவில் பணம் சேர்ந்தால்தானே பிறருக்குக் கொடுக்க முடியும்? 2016இல் அறிமுகமான யுபிஐ முறை சில ஆண்டுகளிலேயே தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கியூஆர் அட்டையைப் படமெடுத்துப் பணம் செலுத்தினால், மாலையில் கல்லாப்பெட்டி காலியாகத்தான் இருக்கும். எல்லாரும் கைப்பணம் கொடுத்த காலத்தில் கடைக்காரருக்குப் பணத்தைக் கட்டிவைப்பதும் வங்கிக்குக் கொண்டுபோவதும் சுமை. அதில் கொஞ்சத்தை வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டால் அவருக்கு நிம்மதி. இப்போது அந்தக் கணக்கே தலைகீழாகிவிட்டது.

இரண்டாவது காரணம் வரி பற்றிய அச்சம். கியூஆர் அட்டையில் வந்து விழும் தொகைகளில் எது விற்பனை, எது கைமாற்று என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வணிகர்களுக்கு அவர்களது யுபிஐ வரவுகளை வைத்தே ஜிஎஸ்டி அறிவிக்கைகள் போயின. பெங்களூருவில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டுப் 'பணம் மட்டும்' என்று எழுதி வைத்தன. அச்செய்தி இங்கும் படிக்கப்பட்டது. அறிமுகமில்லாத ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து உதவினால், அது தம் கணக்கில் ஐந்நூறு ரூபாய் விற்பனையாக ஏறிவிடும் என்று ஒரு மளிகைக்காரர் அஞ்சினால் அதில் தவறில்லை. மூன்றாவது காரணம் இதனினும் கடுமையானது. இணைய மோசடியில் பறிக்கப்பட்ட தொகையின் ஒரு சிறு துளி தெரியாமல் தம் கணக்குக்கு வந்ததற்காகவே வணிகர்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. உதவப் போய் உபத்திரவத்தில் மாட்டிக்கொள்ள யார் விரும்புவார்கள்?

அப்படியானால் கைப்பணமே வேண்டாமே, எல்லாம்தான் போனில் நடக்கிறதே என்று கேட்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் புதுக்கோட்டை சந்தைப்பேட்டைக்கு வர வேண்டும். அங்கே ஆடு கைமாறும்போது பணமும் கைமாற வேண்டும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் முகவரி தெரியாதவர். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகு கரைசேர்ந்ததும் பங்கு பிரிக்கிறார்கள். கீரமங்கலத்தில் பூ பறிக்கும் பெண்ணுக்கும், ஆலங்குடிப் பக்கம் கடலை ஆய்கிற பெண்ணுக்கும் கூலி அன்றன்றைக்குக் கையில் வந்தால்தான் அன்றிரவு உலை கொதிக்கும். அவர்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன். அல்லது வீட்டில் ஒரே தொடுதிரைப் பேசி, அதுவும் மகன் சட்டைப்பையில். கூலி கொடுக்கிறவரிடம் பணம் கணக்கில் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அது கையில் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத்தான் இதுவரை கடைக்காரரின் கல்லாப்பெட்டி தூர்த்துவந்தது.

மொய் விருந்தைச் சொல்லாமல் நம் மாவட்டத்தின் பணத்தைப் பற்றிப் பேச முடியாது. வடகாடு, கீரமங்கலம், அடுத்த மாவட்டத்துப் பேராவூரணி என அந்த வட்டாரமெங்கும் ஆடி, ஆவணி மாதங்களில் விருந்து வைத்து மொய் வாங்குகிறார்கள். வட்டியில்லாக் கடன், நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்ட நம்பிக்கை. விதைக்கும் வீட்டுக்கும் கல்விக்கும் திருமணத்துக்கும் முதல் திரட்டும் வழி அது. மொய் எழுதுகிற இடத்தில் ரூபாய்த் தாளுக்கு இருக்கும் மதிப்பை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடலாகாது. நாலு பேர் பார்க்க எண்ணி வைக்கப்படும் பணம் ஒரு சாட்சியமும்கூட.

பணத்தின் தேவை குறைந்துவிட்டது என்பதற்கு எதிரான சான்று ரிசர்வ் வங்கியின் கணக்கிலேயே இருக்கிறது. 2016 நவம்பர் தொடக்கத்தில் மக்களிடையே புழங்கிய பணம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச் இறுதியில் புழக்கத்திலிருந்த தாள்களின் மதிப்பு 36 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. போன் வழிப் பரிமாற்றம் வானளாவ வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் இதுவும் இரட்டித்தது. ஆக, பணம் இருக்கிறது. அது சாமானியருக்குப் பக்கத்தில் இல்லை.

பக்கத்தில் இல்லை என்பதன் பொருளை மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் குடும்பத் தலைவியிடம் கேட்க வேண்டும். 2023 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் அப்படியே வந்தது. ஏ.டி.எம். இல்லாத ஊரிலிருந்து அவர் ஆவுடையார்கோவிலுக்கோ திருமயத்துக்கோ பேருந்து ஏறுகிறார். எந்திரத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் வருகிறது, அல்லது எதுவுமே வருவதில்லை. நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களை ஏ.டி.எம்.களில் உறுதிப்படுத்துமாறு ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு ஆணையிட நேர்ந்ததே இக்குறை எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டும். இலவச எண்ணிக்கையைக் கடந்தால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை கட்டணம் என 2025 மே முதல் ஆயிற்று. தபால்காரர் வீடு தேடி வந்து கைரேகை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் களையெடுத்தும் கல்லுடைத்தும் தேய்ந்த விரல்களைக் கருவி பல நேரம் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் கரையைக் கடந்ததை நாம் மறந்துவிட்டோமா? தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. அலைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. சில சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அந்நாட்களில் ஏ.டி.எம்., அட்டை, போன் மூன்றும் ஒருசேரப் பயனற்றுப் போயின. மெழுகுவத்தியும் அரிசியும் தண்ணீரும் வாங்க உதவியது தலையணைக்கு அடியில் இருந்த தாள்தான். அதுவும் இல்லாதவருக்குக் கடைக்காரரின் கடன் நோட்டு. கடலோர மாவட்டம் ஒன்று தன் பணப் புழக்கத்தை முழுவதும் மின்சாரத்தையே நம்பி அமைத்துக்கொள்வது விவேகமன்று.

நாம் மின்னணுப் பரிமாற்றத்துக்கு எதிரிகள் அல்லர். கள்ளநோட்டுப் பயமும் சில்லறைச் சண்டையும் அதனால் குறைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நொடியில் பணம் போய்ச் சேர்வது சிறிய விடுதலையன்று. நம் வாதம் ஒன்றுதான்: ஒரு வழி திறந்ததற்காக மற்றொரு வழியை அடைக்க வேண்டியதில்லை. பணக்கார நாடுகளே இதைத் தாமதமாக உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் பொருள் வாங்காமலேயே கடையில் பணம் பெறலாம் என 2021இல் சட்டம் வழிசெய்தது. பணம் கிடைக்கும் வாய்ப்பைக் காக்கும் விதிகள் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. நார்வேயில் கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் உரிமை 2024 அக்டோபரில் வலுப்படுத்தப்பட்டது.

இங்கே செய்யத் தக்கவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கடைக்காரர் கொடுக்கும் பணம் விற்பனையாகக் கருதப்படாமல் தனி இனமாகப் பதிவாக வேண்டும். அப்போது வரி அச்சம் நீங்கும். நம் அட்டையை வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுத்தால், நம் வங்கி அந்த வங்கிக்கு ஒவ்வொரு முறையும் 19 ரூபாய் கொடுக்கிறது. அதில் பாதியையேனும் அதே வேலையைச் செய்யும் மளிகைக்காரருக்குக் கொடுத்தால் என்ன? கல்லாவை நிரப்ப அவருக்கே ஆர்வம் வரும். நியாயவிலைக் கடைகளும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இதைத் தொடங்கிவைக்கலாம். பல்பொருள் அங்காடிகள் விதிப்படி அறிவிப்புப் பலகை வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிரிட்டிஷ் ரூபாய் கோலோச்சிய காலத்திலும் புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென ஒரு சின்னஞ்சிறு செப்புக் காசை வைத்திருந்தது. ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். அம்மன் காசு எனப்பட்ட அதை நவராத்திரியில் அரிசியோடு ஏழைகளுக்கு வழங்கினார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் அது நாணய சேகரிப்பாளரின் பெட்டிக்குப் போய்விட்டது. மன்னராட்சியைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆனால் மிகச் சிறிய காசும் மிக எளியவர் கையைச் சென்றடைய வேண்டும் என்ற பொறுப்பை அரசு அன்று தன்மேல் போட்டுக்கொண்டது. தன் கணக்கில் கிடக்கும் தன் சொந்தப் பணத்தை ஒரு மூதாட்டி நடந்து போகும் தொலைவில் கையில் வாங்க முடியவேண்டும் என்பது அதைவிடச் சிறிய கோரிக்கை. குடியரசால் இதைக்கூட நிறைவேற்ற முடியாதா என்ன?