உறவு மணமும் ஒரு பரம்பரை வியாதியும்

எருமப்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணத்தல் நெடுநாள் வழக்கம். குழந்தை பரம்பரை வியாதியுற்றால், படித்த நம்மவர் உடனே அவ்வழக்கத்தின்மீதே பழி சுமத்துகின்றனர். பாட்டிமார் கண்ணேறு என்பர். யாம் இரண்டிற்கும் உடன்படோம்.

ஏயர் என்னும் புரதத்தைக் காண்க. மார்பினுள் உள்ள தைமஸ் சுரப்பியில், சரீரத்தின் சொந்தப் பொருள்கள் இன்னவையென்று காவலணுக்களுக்கு முன்னரே காட்டுவிப்பது அதன் தொழில். அது கெடின் காவலர் வீட்டாரையே தாக்குவர். பாராதைராய்டும் அட்ரினலும் அழியும், வாயிற் பூஞ்சை படரும். இதன் ஜீன் 1997இல் கண்டறியப்பட்டது. 2009இல் இந்திய நோயாளரிடத்தும் புதிய பிழைகள் வெளியாயின.

இப்புரதம் பல பகுதிகளாலாயது. பல பிரதிகள் கூடியே வேலை செய்யும். கூட்டுவது கார்டு என்னும் பகுதி. அது பழுதாயின் கெட்ட பிரதி பெரும்பாலும் கூட்டத்திற் சேராது. மற்றைப் பெற்றோர்வழி வந்த நல்லதே காரியத்தை முடிக்கும். இருவழியும் பழுது வந்தாலன்றி நோயில்லை. இங்கே உறவு மணம் அபாயத்தை மிகுவிப்பது மெய்யே.

ஸாண்டு, முதற் பி.எச்.டி. (பட்டமன்று!) என்னும் பகுதிகளில் நேரும் சில பிழைகளோ வேறு. கெட்ட பிரதி கூட்டத்திற் புகுந்து நல்லதையும் முடக்கும். ஒருவழிப் பழுதே போதும். 2001இல் இத்தாலியக் குடும்பமொன்றில் ஸாண்டுப் பகுதிப் பிழை அவ்வாறே இறங்கி வரக் கண்டனர். அத்தகைய பிழையுள்ளவர் அந்நியத்தில் மணந்தாலும் அது மக்களைத் தொடரக்கூடும். பிழை எப்பகுதியிலென்று சோதித்தறியுமுன், "ஏன் மாமனை மணந்தாய்?" என்று ஒரு தாயைக் கேட்க நமக்கு என்ன உரிமை?