அன்னத்தின் கழுத்தில் முத்துமாலை

தொண்டைமானாற்றில் எமது வகுப்பறையிலே மாணவி ஒருத்தி தன் சித்திரக் கொப்பியை விரித்துக் காட்டினாள். நூலொன்றைப் பார்த்து வரைந்த அன்னம். கழுத்திலே முத்துமாலை, கறுப்பு நாடா. 1947இல் 'மிஸ் டியோர்' என்னும் வாசனைத் திரவியத்தின் விளம்பரத்துக்காக ரெனே கிருவோ தீட்டியது அதன் மூலம். அவளுடைய தாயாரோ வீட்டு விறாந்தையில் தையல் இயந்திரம் மிதித்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். "வடிவாயிருக்கோ, சேர்?" என்றாள். வடிவுதான் என்றோம். அத்துடன் விட்டுவிட எம்மால் இயலவில்லை.

கலைக்கு வர்க்கமில்லை என்போர் இங்கே குறுக்கிடுவர். கிருவோவின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. பிரெஞ்சு நாகரிக ஆடைகளை அவர் வரைந்த சித்திரங்களில், மை தோய்ந்த தூரிகையின் தடித்த வீச்சொன்றிலேயே தோளும் இடையும் விரிந்த பாவாடையும் எழுந்து நிற்கும். எஞ்சிய தாள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அவ்வெறுமையைப் பற்றியதே எமது வினா. அங்கே ஊசியில்லை, நூலில்லை, தைத்த விரலில்லை. ஆடை வானத்திலிருந்து இறங்கியதுபோல நிற்கிறது.

அது வானத்திலிருந்து இறங்கியதன்று. 1947 பெப்ரவரி 12ஆம் திகதி பாரிசில் கிறிஸ்தியன் டியோர் தமது முதலாவது ஆடைத் தொகுதியைக் காட்டியபோது, பிரான்சில் பாணுக்கே பங்கீடு நீங்கியிருக்கவில்லை. அவருக்கு மூலதனம் தந்தவர் பருத்தி ஆலை முதலாளியான மார்செல் பூசாக். யுத்தகாலத்தில் முழமளந்து உடுத்த பெண்களுக்கு, கஜக் கணக்கில் துணி விழுங்கும் பாவாடையே நாகரிகம் எனப்பட்டது. துணி விற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிரெஞ்சுத் துணியின் வரலாற்றில் தமிழருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. புதுச்சேரியின் நீலத் துணி மேற்கு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே 1936 ஜூலை 30ஆம் திகதி, சவானா ஆலையில் வேலைநிறுத்தஞ் செய்தோர்மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 தொழிலாளர் மாண்டனர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. டியோரின் ஆடை புதுச்சேரியில் நெய்யப்பட்டதென்று நாம் கூறவில்லை. நெய்த கையை மறந்து துணியை மட்டும் கண்ட கண் ஒன்றே என்கிறோம்.

அப்படியாயின் பூர்ஷ்வாச் சித்திரத்தைக் கிழித்தெறியுங்கள் என்னும் நண்பர்களோடும் நாம் உடன்படோம். ஒரு கோட்டினால் உடலின் அசைவையும் துணியின் மடிப்பையும் காட்டும் வித்தை எந்த முதலாளிக்கும் தனிச்சொத்தன்று. அந்த மையை ஆங்கிலேயர் 'இந்திய மை' என்பர். பிரெஞ்சுக்காரர் 'சீன மை' என்பர். கிழக்கின் பெயரைத் தாங்கிய கருவியைக் கிழக்கின் உழைப்பாளர் ஏன் துறக்கவேண்டும்?

பாலையும் நீரையும் பிரிப்பது அன்னம் என்பது எம் முன்னோர் வழக்கு. கிருவோவின் அன்னத்திடமிருந்தும் கோட்டின் திறனைப் பிரித்தெடுத்து, விளம்பரத்தின் பொய்யை ஒதுக்குவோம். வன்னியின் ஆடைத் தொழிற்சாலைகளில் எம் பெண்கள் இன்று தைக்கும் உடைகளும் மேனாட்டு வணிகப் பெயர்களைச் சூடியே கப்பலேறுகின்றன. அவற்றின் விளம்பரங்களிலும் இவர்களுக்கு இடமில்லை.

ஆகவே அம்மாணவியிடம் நாம் கூறியது இதுதான்: "அதே மையை எடு, பிள்ளை. இம்முறை இயந்திரம் மிதிக்கும் அம்மாவின் காலை வரை." ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பறைகளிலும் இதைக் கூறுங்கள். வெறுமையாக விடப்பட்ட அந்தத் தாளில் வரையவேண்டியவை இன்னும் ஏராளம்.