வெயில் இலவசம், தகடு இலவசமா?

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் உண்டா? வற்றல் காயப் போடுகிறோம். நெல் காயப் போடுகிறோம். அதே வெயிலில் விளக்கு எரிக்கலாம். மின்விசிறி சுற்ற வைக்கலாம். பிறகு ஏன் எல்லா மாடியிலும் சூரியத் தகடு இல்லை?

சோம்பல் காரணம் அல்ல. முதல் தடை, பணம்!

ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 4 யூனிட் வரை மின்சாரம் கிடைக்கும். ஒரு கோடி வீடுகளுக்குத் தகடு என்று 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் திட்டம் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான்.

ஆனால் மானியம் எப்போது கைக்கு வருகிறது? தகடு மாட்டி, மீட்டர் பொருத்திய பிறகு! அதுவரை செலவை யார் தாங்குவது? ஈடு இல்லாமல் பாங்கியில் கடன் உண்டு. ஆனாலும் தினக் கூலிக்காரர் தவணைக்குத் துணிவாரா?

இரண்டாவது தடை, மாடி!

வாடகை வீட்டில் பில் கட்டுபவர் குடியிருப்பவர். மாடியோ வீட்டுக்காரருடையது. "நான் செலவு செய்தால் லாபம் அவருக்குத்தானே?" என்பார் வீட்டுக்காரர். "வீடு மாறினால் தகட்டைத் தலையிலா தூக்கிப் போவேன்?" என்பார் குடியிருப்பவர். இருவர் சொல்வதும் நியாயம்தான். நடுவில் வெயில் வீணாகிறது!

மூன்றாவது, மிச்சம்.

தமிழ்நாட்டில் இரு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீட்டுக்குத் தகட்டால் மிச்சமாவது சொற்பமே. குளிர்சாதனம் ஓடும் பெரிய வீட்டுக்குத்தான் லாபம் அதிகம். சொந்த மாடியும் கைப்பணமும் அங்கேதான் இருக்கின்றன. மானியமும் அங்கேயே போய்ச் சேரலாமா?

இதற்கு வழி இருக்கிறது. பொது இடத்தில் பெரிய தகடு அமைக்கட்டும். பல குடும்பங்கள் அதில் சிறு பங்கு சேரட்டும். உற்பத்தியாகும் யூனிட்டை அவரவர் பில்லில் கழிக்கட்டும். வீடு மாறினாலும் பங்கு கூடவே வரட்டும். இப்படிப் பங்கிட டில்லியில் 2019-லேயே விதி வந்தது. ஊர்தோறும் இது நடைமுறைக்கு வரவேண்டும். மானியத்தையும் முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

சூரியன் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றாகத்தான் காய்கிறான். அவன் தரும் மின்சாரம் மட்டும் மாளிகையோடு நின்றுவிடலாமா?