யாரு இது, எந்த ஊரு?

“சந்தேகம் இருந்தா சாட்ல போடுங்க.” கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புகளில் சலிக்கச் சலிக்கக் கேட்ட வாக்கியம். பாடம் நடக்கும்போதே திரையோரத்தில் ஒரு பெட்டி. பிள்ளை அதில் எழுதும், வாத்தியார் அப்போதே பதில் சொல்வார். இதைப்பற்றி நமது கல்வியாளர்கள் இரண்டு விதமாகப் பேசி முடித்துவிட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களும் கேள்வி கேட்கிறார்கள், கடைசி பெஞ்சு ஒழிந்தது என்றது ஒரு தரப்பு. கவனம் சிதறுகிறது, ஒழுங்கு கெடுகிறது என்றது இன்னொரு தரப்பு. இரண்டு பேச்சிலும் சேரிப் புள்ளை இல்லை.

அதென்ன கூச்சம்? வாயைத் திறந்தால் பேச்சு சாதியைக் காட்டிக் கொடுத்துவிடும் என்கிற பயத்துக்குக் கூச்சம் என்று பெயர் வைத்தது யார்? கணக்குப் போட அம்பேத்கரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுக்கச் சாதி இந்துப் பிள்ளைகள் ஓடியதைத் தனஞ்சய் கீர் தமது வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். சாட் பெட்டிக்குப் பின்னால் சோற்று டப்பா இல்லை. பெஞ்சும் இல்லை. பள்ளியில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லி 2024இல்கூட நீதிநாயகம் சந்துரு குழு பரிந்துரைக்க வேண்டியிருந்த நாடு இது. அதனால் அந்தப் பெட்டியை நான் லேசாக நினைக்கவில்லை.

எங்கள் தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். 2021 ஜூலையில் ஒரு காலனி வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. அவருக்கு நைட் ஷிப்ட் விழுகிற வாரம் மட்டும்தான் பகலில் போன் இவள் கைக்கு வரும். போனில் கணக்குத் திறந்து கொடுத்தவர் விற்ற கடைக்காரர். கடைப் பெயரையே போட்டுவிட்டார். ஆகவே வகுப்பில் அவள் பெயர் ஒரு மொபைல் கடை! அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டுதான் அவள் முதல்முறையாகக் கேள்வி கேட்டாள். “இன்னொந்து சல ஹேளி சார்.” இன்னொரு தடவை சொல்லுங்க சார், அவ்வளவுதான். கன்னடம், தமிழ் எழுத்தில்.

வாத்தியார் பாடத்தை நிறுத்தினார். “யாரு இது? எந்த ஊரு? யார் வீட்டுப் பொண்ணு?”

இந்தப் பக்கத்தில் எந்த ஊரு என்றால் என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். பெட்டியில் நாலைந்து சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் சாட்டை மூடிவிட்டார். மறுநாளிலிருந்து வாட்ஸப் குழுவிலும் அட்மின் மட்டும்தான் எழுதலாம். அவள் போனை என்னிடம் நீட்டி, “அக்கா, நான் தப்பா எழுதிட்டனா?” என்றாள். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை.

மூடுவதற்கு ஒரு பொத்தான் போதும். முன்பு பிரம்பு வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால், ‘அதான் ஆன்லைனே வேண்டாம் என்கிறோம்’ என்று வருவார்கள் நமது முற்போக்குத் தோழர்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு நமக்கு எப்போது வந்து சேர்ந்தது? 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலானோர் 15 மாநில, யூனியன் பிரதேசங்களில் எடுத்த கணக்கெடுப்பில், கிராமத்துத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமத்துப் பிள்ளைகளில் 15 சதவீதம். அதே 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. அது பேசும், கேட்காது. எங்கள் புள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கப் பழகியவர்கள்தானே, போதும் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது பள்ளிகள் திறந்து வருசங்கள் ஆகிவிட்டன. அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் எல்லாம் வந்திருக்கின்றன. திறப்பு விழாப் பேச்சுகளில் அந்தத் திரையில் என்னவெல்லாம் காட்டலாம் என்று சொல்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுதுவது அந்தத் திரையில் வருமா என்று யாரும் சொல்லவில்லை. வர வேண்டும் என்கிறேன். பாடம் நடக்கும்போதே வர வேண்டும். பெயர் தெரியாமல் வர வேண்டும். தெலுங்கோ கன்னடமோ கொச்சையோ, வந்த பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அப்புறம் எழுத்துப்பிழை பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் பயல்கள் கெட்ட வார்த்தை போடுவான்கள் என்கிறீர்கள். போடுவான்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டே எங்களைத் திட்டிய வகுப்பறைகளை நீங்கள் மூடிவிடவில்லையே? அந்தப் பயலோடு சண்டை போடுவோம், பெட்டி திறந்தே இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குச் சாயங்காலம்தான் பதில் சொன்னேன். தப்பு இல்ல பாப்பா, நாளைக்கும் அப்படியே கேளு என்றேன். “எதுல கேக்கறது அக்கா, மூடிட்டாரே” என்றாள்.